வேறு வைத்த பாட்டு

எங்கள் வீட்டுப் படைப்பு, அதாவது முன்னோர்களுக்குப் படையல் வைத்துக் கும்பிடுவது, முடிந்த மறுநாள் மத்தியானம். பந்தி எழுந்து, பாத்திரம் துலக்கும் சத்தமும் அடங்கி, வீடே கண்ணயர்ந்து கிடந்தது. தங்கை மகள் மட்டும் வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெங்களூரில் பிளஸ் ஒன் படிக்கிற பெண். 2022 ஜூன் கடைசி அது.

பட்டாலையில் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் குதிரை ஓடிவருவது போல ஒரு தாளம். அதன் மேலே வயலின் என்றும் சொல்ல முடியாத, மனிதக் குரல் என்றும் சொல்ல முடியாத ஒரு முனகல். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

"இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன அம்மான், உலகத்துக்கே தெரியும். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்னு நெட்ஃபிளிக்ஸ் தொடர்ல வருது. புதுப் பாட்டு."

"புதுப் பாட்டா? இதை நான் கேசட்ல பதிஞ்சு கொடுத்தவன். முப்பத்தாறு வருசம் ஆச்சு."

சாயந்தரம் ஆகட்டும், டாக்டரிடம் காட்டலாம் என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

ஆனால் நான் சொன்னது உண்மை. 1986ல் கல்லூரி விடுமுறைக்குக் காரைக்குடியில் ஒரு கேசட் கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஐயா காலத்துப் பையன்கள் பர்மாவிலும் மலேயாவிலும் பெட்டியடிப் பையனாகப் போய் வட்டிக்கணக்கு பழகினார்கள். எனக்குக் கிடைத்த பெட்டி டேப்ரெக்கார்டர். 'விரும்பிய பாடல்கள் பதிவு செய்து தரப்படும்' என்று வெளியே பலகை தொங்கும். வருகிறவர்கள் துண்டுச்சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள். சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுகளின் நிமிடத்தைக் கூட்டி, மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, அந்த இடத்துக்குப் பொருந்துகிற பாட்டைத் தேடிப் போட வேண்டும். பி பக்கத்துக் கடைசியில் மூன்று நிமிடம் காலியாக இருந்தால் கடைக்கார அண்ணனுக்குப் பொறுக்காது. காலி இடம் விட்டால் வாடிக்கையாளர் ஏமாந்ததாக நினைப்பார் என்பார்.

அப்போதுதான் பினாங்கிலிருந்து வந்திருந்த ஒருவர், பேரனுக்காக என்று ஒரு கேசட்டைக் கொண்டுவந்து பிரதி எடுக்கக் கொடுத்தார். அட்டையில் ஒரு பெண் இரண்டு நாய்களை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். படம் முழுக்கக் கத்திரிப்பூ நிறம். ஏ பக்கம் ஐந்து பாட்டு. அண்ணனும் நானும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். பி பக்கம் திருப்பிப் போட்டபோதுதான் வினை. ஒரு பெண் தூக்கத்தில் பேசுகிற மாதிரி பாடினாள். அப்புறம் யார் யாரோ எழுப்பினார்கள். அதன்பின் அவள் குரல் துண்டு துண்டாக வெட்டி வெட்டி வந்தது. டேப் சிக்கிக்கொண்டால் அப்படித்தான் வரும். அண்ணன் நிறுத்தி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்துவிட்டுப் போட்டார். மறுபடியும் அப்படியே. கேசட்டைத் திருகாணி கழற்றிப் பார்க்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார்.

"பி சைடு கெட்டுப்போச்சு தம்பி. ஏ சைடை மட்டும் பதி. அந்தப் பக்கம் நம்ம பாட்டு எதையாவது போட்டு நிரப்பு."

நிரப்பினேன். பினாங்குக்காரர் வந்து காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் பேரன் என்ன நினைத்தானோ தெரியாது. எனக்கென்று எடுத்துக்கொண்ட பிரதியிலும் ஏ பக்கம் மட்டும்தான். ஆக, என்னைப் பொறுத்தவரை அந்த இசைத்தட்டு பாதியாகவே இருந்தது, முப்பத்தாறு வருடம்.

பாடியவர் கேட் புஷ் என்ற இங்கிலாந்துப் பாடகி. இசைத்தட்டின் பெயர் ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ். 1985 செப்டம்பரில் வந்தது. இதை எல்லாம் அன்று சாயந்தரம் தங்கை மகளின் போனில்தான் முறையாகத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. கிடைத்ததை எல்லாம் படித்தேன், அவர் பேட்டிகளைத் தேடித்தேடிக் கேட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பைத்தியத்தின் விளைவு.

கேட் புஷ் 1958ல் பிறந்தவர். லண்டனுக்குத் தென்கிழக்கே, வெல்லிங் என்ற ஊரில் ஈஸ்ட் விக்கம் ஃபார்ம் என்கிற பழைய பண்ணைவீட்டில் வளர்ந்தவர். அப்பா மருத்துவர், பியானோ வாசிப்பார். அம்மா அயர்லாந்துக்காரர். இரண்டு அண்ணன்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு ஆர்கன் கிடந்தது. சின்னப் பெண்ணாக அதில் வாசித்துத்தான் விரல் பழகினார். இந்தக் கொட்டகையை மறக்க வேண்டாம், திரும்பி வருவோம்.

பதின்ம வயதிலேயே பாட்டுகளை எழுதிக் குவித்தார். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் டேவிட் கில்மோர் அவற்றைக் கேட்டு, தன் கைக்காசில் மாதிரிப் பதிவு எடுக்க உதவினார். ஈஎம்ஐ என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. முதல் பாட்டாக எதை வெளியிடுவது என்பதில் கம்பெனிக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் இழுபறி. அந்தப் பெண் பிடித்த பிடியில் நின்றார். 1978ல் வுதரிங் ஹைட்ஸ் வெளிவந்து இங்கிலாந்தில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. தானே எழுதிய பாட்டைப் பாடி அந்த ஊர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான்.

இப்படி ஒரு வெற்றி வந்தால் கம்பெனி என்ன செய்யும்? அடுத்ததைக் கேட்கும். அதே வருடம் நவம்பரிலேயே இரண்டாவது இசைத்தட்டு வந்துவிட்டது. அவசரத்தில் செய்தது என்று அவருக்கே அதில் திருப்தி இல்லை. முதல் இரண்டுக்கும் தயாரிப்பாளர் வேறொருவர். அதாவது எந்த வாத்தியம் எங்கே, எந்தக் குரல் எவ்வளவு சத்தம் என்கிற கடைசி வார்த்தை கேட் புஷ்ஷுடையது இல்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

நகரத்தார் வீடுகளில் 'வேறு வைக்கிறது' என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனையும் மருமகளையும் கொஞ்ச காலம் கழித்து, நல்ல நாள் பார்த்து, தனிச் சமையல் வைத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை. அதே முகப்பு, அதே வளவு, அதே கிணறு. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் ஆளுக்கொன்று. நல்லது கெட்டதுக்கு ஒரே பந்தி. உலை மட்டும் வேறு, கணக்கு மட்டும் வேறு. கல்யாணத்தன்றே கோயில் கணக்கில் அவர்கள் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம், ஆகிவிடுவார்கள். அடுப்படியில் புள்ளி ஆவது இந்த நாளில்.

எங்கள் ஆத்தாவை, அதாவது அம்மாவை, வேறு வைத்தது 1966ல். அப்பத்தா அரிசியும் பருப்பும் புளியும் மிளகாயும் அளந்து கொடுத்து, பித்தளைச் சாமான்களை எண்ணிக் கொடுத்து, பின்கட்டில் வரிசையாக இருந்த அடுப்புகளில் கடைசி அடுப்பைக் காட்டினாராம். அன்று வைத்த முதல் சோறு அடிப்பிடித்துவிட்டது. ஆத்தா அந்தக் கதையை எப்போது சொன்னாலும் இப்படித்தான் முடிப்பார்: "கரிஞ்சுதான் போச்சு. ஆனா என் சோறு, நானே தின்னுக்கிட்டேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையே."

ஐந்து அடுப்பிலும் வெண்டைக்காய் மண்டி கொதித்த நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரே சந்தைக் காய், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே அரிசி கழுவிய மண்டி. ஐந்தும் ஐந்து ருசி. பிள்ளைகள் நாங்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பு அடுப்பாகப் போவோம்.

கேட் புஷ் ஈஎம்ஐயை விட்டு ஓடவில்லை. வழக்குப் போடவில்லை. பெரிய வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு தன் அடுப்பை மட்டும் தனியாக மூட்டிக்கொண்டவர். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான். அவர் செய்தது வேறு வைத்தல்.

ஒரே நாளில் நடந்ததும் இல்லை. 1980ல் வந்த மூன்றாவது தட்டுக்கு, பொறியாளர் ஒருவரோடு சேர்ந்து தானும் தயாரிப்பாளர் ஆனார். பாதி அடுப்பு. 1982ல் வந்த தி டிரீமிங்கை முழுக்கத் தானே தயாரித்தார். ஆனால் சமையல்கட்டு வாடகை. லண்டனில் ஒரு ஸ்டுடியோ விட்டு இன்னொரு ஸ்டுடியோ என்று மாறி மாறிப் பதிந்தார். ஸ்டுடியோ என்பது மணிக்கணக்கில் காசு. ஒரு சத்தத்தை மூன்று விதமாகச் செய்து பார்ப்போம் என்று நினைக்கும்போதே சுவரில் கடிகாரம் வட்டி ஏற்றிக்கொண்டிருக்கும். தட்டு வந்தபோது ஆள் களைத்துப்போயிருந்தார். முன்னதைப் போல விற்கவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நான் அந்தத் தட்டையும் கேட்டேன். காரம் கொஞ்சம் தூக்கல். ஒவ்வொரு பாட்டிலும் மூன்று பாட்டுக்கான சரக்கு. ஆனால் யாருடைய கைப்பக்குவம் என்பதில் சந்தேகமே வராது. ஆத்தாவின் முதல் நாள் சோறு.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கம்பெனி சொல்கிற தயாரிப்பாளரிடம் திரும்பிப் போயிருப்பார்கள். இவர் தப்பு எங்கே என்று சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தப்பு தன் கையில் இல்லை, கடிகாரத்தில்.

1983ல் அந்தப் பண்ணைவீட்டுக் கொட்டகைக்கே திரும்பினார். அங்கே பல டிராக் ஸ்டுடியோ ஒன்றைக் கட்டினார்.

டிராக் என்றால் கேசட் கடைப் பாஷையில் சொல்கிறேன். எங்கள் மெஷினில் ஒரு பக்கத்துக்கு இடது, வலது என்று இரண்டு வரிசைதான். பல டிராக் என்றால் அப்படிப் பல வரிசை. ஒன்றில் குரல், ஒன்றில் தாளம், ஒன்றில் எதிர்க்குரல் என்று தனித்தனியாகப் பதிந்து, பிடிக்காத ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பதியலாம். நினைத்த நேரத்தில், நடுராத்திரியில், காசு கணக்குப் பார்க்காமல்.

கூட இருந்தவை இரண்டு. ஒன்று லின்டிரம் என்கிற தாள மெஷின். தங்கை மகள் போனில் ஓடிவந்த குதிரை அதுதான். அதை அமைத்தவர் டெல் பால்மர். கேட்டின் பேஸ் கிடார்க்காரர், பொறியாளர், அன்றைய வாழ்க்கைத் துணையும்கூட. இன்னொன்று ஆஸ்திரேலியாவில் செய்த ஃபேர்லைட் என்கிற கருவி. எந்தச் சத்தத்தையும் மைக்கில் பிடித்து உள்ளே வாங்கிக்கொண்டு, அதைப் பியானோக் கட்டைகளில் வாசிக்கக் கொடுக்கும். அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தத்தை வாங்கிக்கொண்டால் அந்த அரைப்பிலேயே ச ரி க ம வாசிக்கலாம். வயலினா குரலா என்று நான் குழம்பிய அந்த முனகல், ஃபேர்லைட்டுக்குள் போய்வந்த செல்லோ என்கிற பெரிய வயலின்.

பியானோவில் உட்கார்ந்து மெட்டுப் போடுகிற ஆள், இப்போது சத்தத்திலிருந்தே மெட்டை எடுக்கத் தொடங்கினார். மாற்றம் அங்கேதான்.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வழக்கமாக வீட்டில் மாதிரிப் பதிவு ஒன்று செய்வார்கள். பிறகு நல்ல ஸ்டுடியோவுக்குப் போய் அதை முதலிலிருந்து மறுபடி பாடி, வாசித்துப் பதிவார்கள். மாதிரியில் இருந்த உயிர் மறுபதிவில் வராது. எல்லாப் பாட்டுக்காரர்களும் இதைச் சொல்லிப் புலம்புவதுண்டு. கேட் புஷ் அந்த மாதிரியைத் தூக்கிப்போடவில்லை. அதையே பெரிய டேப்புக்கு மாற்றி, அதன் மேலேயே ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போனார். உலை மாற்றாத சோறு.

1983 நவம்பரில் தொடங்கி 1985 ஜூன் வரை வேலை. நடுவில் டப்ளினுக்குப் போய் ஐரிஷ் கலைஞர்களைக் குழலும் பிடிலும் வாசிக்க வைத்துப் பதிந்து வந்தார். அது தாய்வீட்டுச் சீர். வீட்டு ஆட்கள் எல்லோரும் தட்டுக்குள் இருக்கிறார்கள். அண்ணன் பேடி வினோதமான வாத்தியங்களாகக் கொண்டுவந்து வாசிக்கிறார். இன்னோர் அண்ணன் ஜான் ஒரு பாட்டில் கவிதை சொல்கிறார், நாய்களோடு இருக்கும் அட்டைப் படத்தை எடுத்ததும் அவரே. ஓரிடத்தில் அம்மாவின் குரல் வருகிறது. கிளவுட்பஸ்டிங் என்ற பாட்டின் முடிவில் ஆளாளுக்கு ஒரு இடத்தில் வாசிப்பை நிறுத்தியதால் பாட்டு அவிழ்ந்து போய்விட்டது. அதை மறைக்க நீராவி எஞ்சின் சத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். ரயில் வந்து நிற்கிற மாதிரி பாட்டு நிற்கும். கொட்டகையில் செய்தால்தான் இப்படி எல்லாம் தோன்றும்.

முடித்துக் கொடுத்த பிறகு கம்பெனி இரண்டு விஷயம் கேட்டது. முதல் பாட்டாகக் கிளவுட்பஸ்டிங்கை விடலாம் என்றது. கேட் புஷ் மறுத்தார். இந்தக் குதிரைப் பாட்டுத்தான் முதலில் என்றார். இரண்டாவது, அந்தக் குதிரைப் பாட்டின் பெயர். அவர் வைத்த பெயர் எ டீல் வித் காட். கடவுளோடு ஓர் உடன்படிக்கை. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளக் கடவுளிடம் பேசி இடம் மாற்றிக்கொள்ள முடிந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் பாட்டே. தலைப்பில் கடவுள் இருந்தால் சில நாட்டு வானொலிகள் போடமாட்டார்கள் என்று கம்பெனி பயந்தது. இதை அவர் விட்டுக்கொடுத்தார். ரன்னிங் அப் தட் ஹில் என்று பெயர் மாறியது, பழைய பெயர் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கியது.

ரசிகர்களில் சிலருக்கு இது இன்னும் ஆறவில்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனி அடுப்பு வைத்தவர்கள்தான் பெரிய வீட்டு வார்த்தைக்கு நிம்மதியாகத் தலையாட்ட முடியும். அப்பத்தா "இன்னைக்குக் கோலம் இப்படிப் போடாதே" என்றால் ஆத்தா மறுபேச்சுப் பேசமாட்டார். குழம்பில் புளி எவ்வளவு என்று சொன்னால்தான் முகம் மாறும். கேட் புஷ் கோலத்தை விட்டார், புளியை விடவில்லை.

தட்டு வந்ததும் இங்கிலாந்தில் முதலிடம். அதுவரை அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் மடோனா.

சரி, இப்போது ஐந்தொகை போட்டுப் பார்க்க வேண்டாமா? செட்டியார் வீட்டில் பிறந்துவிட்டு வரவை மட்டும் பேசினால் எப்படி? கலைஞர்களின் சுதந்திரம் என்று எழுதுகிறவர்கள் கைமுதலைப் பற்றி எழுதுவதில்லை. கேட் புஷ்ஷுக்கு முதல் இருந்தது. பத்தொன்பது வயதில் வந்த வெற்றியின் பணம். மருத்துவர் வீட்டுப் பண்ணை, அதில் சும்மா கிடந்த கொட்டகை. பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாடகை அறையில் குடியிருக்கிற பெண்ணுக்கு இதே பிடிவாதம் இருந்திருந்தால், 1982லேயே கணக்கை முடித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வேறு வைக்க அளந்து போட அரிசி வேண்டும். இல்லாத வீட்டு மருமகள்கள் ஆயுளுக்கும் ஒரே அடுப்பில் வெந்தார்கள்.

ஆனால் முதல் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கொட்டகையில் போடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார் வாங்குவார்கள். போட்டவர்கள் சிலரே. ஏ.ஆர். ரஹ்மான் 1989ல் சென்னையில் தன் வீட்டுப் பின்புறத்திலேயே ஸ்டுடியோ கட்டினார். விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்த காலம். ரோஜா 1992ல்தான். முன்னால் அடுப்பு, பின்னால்தான் விருந்து. இன்னும் பின்னால் போனால் எங்கள் காரைக்குடிக்காரரே இருக்கிறார். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கியவர். 1940களில் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947ல் வந்த நாம் இருவர் அங்கே எடுத்ததுதான். இன்று அந்த வழியாக பஸ்ஸில் போகிற பிள்ளைகளிடம் சொன்னால், என் தங்கை மகள் பார்த்த பார்வையைத்தான் பார்ப்பார்கள்.

பாப் பாடகர்களின் விடுதலைக் கதைகளில் சண்டைக் கதைகளுக்குத்தான் கிராக்கி. ஜார்ஜ் மைக்கேல் கம்பெனி மேல் வழக்குப் போட்டு 1994ல் தோற்றார். பிரின்ஸ் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார், 1996ல் ஒப்பந்தம் முடிந்ததும் விடுதலை என்றே பெயர் வைத்து மூன்று தட்டுகளைச் சேர்த்து வெளியிட்டார். ஜேனட் ஜாக்சன் கதை கேட் புஷ் கதைக்கு அப்படியே எதிர்ப்பக்கம். மேலாளராக இருந்த அப்பாவை விலக்கிவிட்டு, வீட்டை விட்டு வெகுதூரம் மினியாபொலிஸ் போய்ச் செய்ததுதான் கன்ட்ரோல் என்ற தட்டு. வந்தது 1986 தொடக்கத்தில், நாய்க்கார அட்டை வந்து ஐந்து மாதம்கூட ஆகாதபோது. ஒருவர் தன் குரலைக் கண்டுபிடிக்க அப்பா வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது, இன்னொருவர் அப்பா வீட்டுக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வீடு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. எல்லா வீட்டிலும் அப்பத்தா அரிசி அளந்து கொடுப்பதில்லை.

அந்தப் பாட்டு 2022 ஜூனில் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. 1985ல் மூன்றாம் இடம்தான் பிடித்திருந்தது. முப்பத்தேழு வருடம் கழித்து ஒரு பாட்டு படியேறுவது அதுவரை நடந்ததில்லை. எழுதியவர், பாடியவர், தயாரித்தவர் எல்லாம் ஒரே ஆள். வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது என்று எங்கள் ஐயா இருந்திருந்தால் கணக்கு எழுதியிருப்பார்.

படைப்புக்கு வந்தவர்கள் இரண்டு நாளில் கிளம்பிவிட்டார்கள். வேன்கள் போன பிறகு இவ்வளவு பெரிய வீட்டில் ஆத்தாவும் நானும்தான். வளவைச் சுற்றி எல்லா அறைகளும் பூட்டி. ஒரு பூட்டுக்குச் சாவி சிங்கப்பூரில், ஒன்றுக்குச் சென்னையில். பின்கட்டில் அடுப்பு வரிசையில் ஒரு கேஸ் அடுப்பு மட்டும் எரிகிறது. போகும் முன் தங்கை மகள் ஒரு சின்ன ஸ்பீக்கரை என்னிடம் விட்டுவிட்டு, எப்படிப் பாட்டுத் தேடுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். ராத்திரி பத்து மணிக்கு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்து, நான் கேட்காமல் விட்ட பி பக்கத்தைப் போட்டேன்.

அந்தப் பக்கத்துக்குத் தனிப் பெயரே உண்டு. தி நைன்த் வேவ், ஒன்பதாம் அலை. ஏழு பாட்டும் சேர்ந்து ஒரே கதை. ராத்திரி நேரம் நடுக்கடலில் ஒரு பெண் தனியாக மிதக்கிறாள். உடம்பில் மிதவைச் சட்டை, அதில் ஒரு குட்டி விளக்கு. தூங்கினால் போச்சு. ஆனால் தூக்கம் வருகிறது.

கட்டிலில் படுத்திருந்த ஆத்தா, "என்ன பாட்டு தம்பி, அழுகிற மாதிரி இருக்கு?" என்றார். கதையைச் சொன்னேன்.

"கப்பல்ல இருந்து விழுந்துட்டாளா?"

"அது தெரியலை ஆத்தா. பாட்டுல சொல்லலை."

"விளக்கு இருக்குல்ல, கண்டுபிடிச்சுருவாக."

ஆத்தாவுக்குக் கடல் புதிதில்லை. ஆத்தாவின் அப்பச்சி, அதாவது அப்பா, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய்வந்து கொண்டிருந்தவர். கப்பல் போய்ச் சேர்ந்த கடிதம் வருகிறவரை முகப்பு விளக்கை அணைக்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

குரல்கள் எழுப்புகிற இடம் வந்தது. அப்புறம் அந்த வெட்டு வெட்டான குரல். கடைக்கார அண்ணன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது இதைத்தான். டேப்பில் ஒரு குற்றமும் இல்லை. மூச்சுத் திணறுகிற பெண்ணின் குரலை அப்படித்தான் நறுக்கி வைத்திருக்கிறார். பின்னால் ஹெலிகாப்டர் சத்தம். அது பிங்க் ஃபிளாய்டின் தி வால் தட்டிலிருந்து வாங்கிப் போட்டது, நன்றியும் சொல்லியிருக்கிறார். அடுத்த பாட்டில் அவள் உயிர் வீட்டுக்குப் போகிறது. வீட்டில் ஒருவர் அவள் வரவில்லையே என்று காத்திருக்கிறார். இவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. பூட்டிய அறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கக் கூடாது.

டப்ளின் பிடில் வந்தபோது ஆத்தா கட்டிலில் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார். "இது நல்லா இருக்கு" என்றார். ஹலோ எர்த் பாட்டில் ஜார்ஜிய நாட்டுப்புறப் பாடலைக் குழுவாகப் பாடுகிற ஆண்களின் குரல்கள் வந்து போயின. எங்கோ இழவு வீடு என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் பேசவில்லை. கடைசிப் பாட்டு விடியற்கால மூடுபனி. குரல் லேசாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லப் போகிறேன், அப்பாவிடம் சொல்லப் போகிறேன், அண்ணன்களிடம் சொல்லப் போகிறேன், எல்லோர் மேலும் எவ்வளவு பிரியம் என்று பாடுகிறாள். சொல்லி முடிப்பதற்குள் தட்டு முடிந்துவிட்டது.

"கரையேறிட்டாளா?" என்றார் ஆத்தா.

"ஏறிட்ட மாதிரிதான் தெரியுது. அவுக தெளிவாச் சொல்லலை."

"என்ன மாதிரிதான்? ஆத்தாகிட்டச் சொல்லணும், அப்பச்சிகிட்டச் சொல்லணும்னு பாடுறாங்கிறே. ஏறாம எப்படிப் போய்ச் சொல்லுவா?"

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, விளக்கை அணைக்கச் சொன்னார்.